சூடு போட்டால் நோய் ஓடுமா?

வாணியம்பாடியில் ஒரு தோல் மண்டி. ஒரு மாட்டுத் தோலை விரித்துப் பார்க்கிறார்கள். முதுகுப் பகுதி நன்றாக இருக்கிறது. வயிற்றுப் பகுதியிலும் பழுது இல்லை. ஆனால் தொடையில் மூன்று கோடுகள்! பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இழுத்த கோடுகள்!

அவ்வளவுதான். அந்தத் தோல் கீழ்த் தரத்துக்குத் தள்ளப்படுகிறது. விலை இறங்கி விடுகிறது.

காரணம் என்ன? சூடு பட்ட இடத்தில் தோலின் மேற்பரப்பு அழிந்து விடும். தழும்பு தடித்துப் போகும். ஆவாரம்பட்டையில் ஊறப் போட்டாலும் சரி, குரோம் உப்பில் பதனிட்டாலும் சரி, அந்தத் தழும்பு மறையாது. சாயமும் அங்கே ஒரே சீராகப் பிடிக்காது. மாடு செத்த பிறகும் சூடு சாவதில்லை!

அடையாளத்துக்காகச் சூடு போடுவார்கள். மாடு நொண்டினால், கழலை வந்தால், வைத்தியம் என்று சொல்லியும் போடுவார்கள். இந்தச் சூட்டுக்குறியால் தோலுக்கு வரும் நஷ்டம் பெரியது என்று தோல் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

மாட்டுத் தோலைப் பற்றி இத்தனை கவலை இருக்கிறது. குழந்தையின் தோலைப் பற்றி இருக்கிறதா?

குழந்தைக்கு இழுப்பு வந்தால் சூடு. மஞ்சள் காமாலை என்றால் கையில் சூடு. மாந்தம் என்றால் வயிற்றில் சூடு. இந்தப் பழக்கம் தமிழ்நாட்டில் பெரிதும் குறைந்து விட்டது. ஆனால் அடியோடு ஒழிந்து விடவில்லை. இந்தியாவின் வேறு பல மாநிலங்களிலும் இது உண்டு.

2023 பிப்ரவரி மாதம் மத்தியப் பிரதேசத்தில் சாதோல் மாவட்டத்தில் ஒரு கொடுமை நடந்தது. மூன்று மாதம்கூட நிறையாத ஒரு பெண் குழந்தை. அதற்கு நிமோனியா காய்ச்சல். மூச்சு விட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் முன்பு, அந்தப் பச்சைக் குழந்தையின் உடம்பில் காய்ச்சிய கம்பியால் 51 முறை சூடு போட்டு விட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

பெற்றவர்களுக்குக் குழந்தை மீது அன்பு இல்லையா? அன்பு இருந்தது. அறியாமையும் இருந்தது. அன்பை அறியாமை வென்று விட்டது.

"சூட்டு வைத்தியம் பழமையானது. சீனாவில் இன்றும் செய்கிறார்கள். நம் சித்தர்களும் சொல்லி இருக்கிறார்கள்" என்று சிலர் வாதாடுவார்கள். அது உண்மையா? உண்மை என்றால் எவ்வளவு உண்மை? சற்று விவரமாகப் பார்க்கலாம்.

சீனாவின் மூலிகைச் சூடு

அக்குபஞ்சர் என்னும் ஊசி வைத்தியத்தைப் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். சீன மொழியில் அதன் பெயர் "சென் ச்யூ". "சென்" என்றால் ஊசி. "ச்யூ" என்றால் சூடு. ஊசியும் சூடும் அங்கே இணை பிரியாத இரட்டைகள். "ச்யூ" என்ற எழுத்தை அவர்கள் எழுதும் விதமும் வேடிக்கையானது. மேலே "நெடுநேரம்" என்ற எழுத்து. கீழே "தீ" என்ற எழுத்து. நெடுநேரம் காட்டும் தீ! அதுதான் அந்த வைத்தியம்.

இந்தச் சூட்டுக்கு இரும்புக் கம்பி கிடையாது. ஒரு மூலிகைதான் வேண்டும். அது நம் ஊர் மாசிபத்திரியின் இனம். கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறோமே மரிக்கொழுந்து, அதற்கும் இது நெருங்கிய சொந்தம்.

இலையைக் காய வைப்பார்கள். இடிப்பார்கள். சலிப்பார்கள். மீண்டும் இடிப்பார்கள். கடைசியில் பஞ்சு போல ஆகிவிடும். நாள்பட்ட இலைதான் நல்லது என்பது அவர்கள் கணக்கு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்சியஸ் என்ற சீன அறிஞரே மூன்றாண்டு பழகிய இலையைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அந்தப் பஞ்சைச் சிறு கூம்பாகப் பிடித்து உடம்பின் மீது வைத்துக் கொளுத்துவது ஒரு முறை. சுருட்டுப் போலச் சுருட்டி, கொளுத்தி, தோலில் படாமல் சற்றுத் தள்ளிப் பிடிப்பது இன்னொரு முறை. இஞ்சி வில்லை, பூண்டு வில்லை, அல்லது உப்பைக் கீழே வைத்து அதன் மேல் கூம்பை வைப்பது மூன்றாவது முறை.

எவ்வளவு பழமை தெரியுமா? 1973ல் சீனாவில் சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மாவாங்துவி என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168ல் மூடப்பட்ட கல்லறை அது. உள்ளே பட்டுத் துணியில் எழுதிய வைத்திய நூல்கள் கிடைத்தன. உடம்பில் ஓடும் பதினொரு நாளங்களைப் பற்றியும், அங்கே சூடு வைப்பதைப் பற்றியும் அவற்றில் எழுதி இருந்தது. ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை! ஊசிக்கும் மூத்தது சூடு என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருத இதுவே காரணம்.

கி.பி. 752ல் வாங் தாவ் என்பவர் ஒரு பெரிய வைத்திய நூலைத் தொகுத்தார். ஊசி குத்துவது ஆபத்து என்று எண்ணிய அவர், சூட்டு முறைக்கே இடம் கொடுத்தார்.

கடல் கடந்த சூடு

சீனாவில் இருந்து இந்த வைத்தியம் ஜப்பானுக்குப் போனது. ஜப்பானியர் அந்த மூலிகைப் பஞ்சை "மொகுசா" என்றார்கள். 1689ல் பாஷோ என்ற கவிஞர் நெடும்பயணம் புறப்பட்டார். கால் நடையாகவே போகவேண்டும். புறப்படும் முன் முழங்காலுக்குக் கீழே மொகுசாச் சூடு வைத்துக்கொண்டாராம்!

இன்னொரு வேடிக்கை. "சூடு வைத்தால்தான் உனக்குப் புத்தி வரும்" என்று நம் வீடுகளில் பிள்ளைகளை மிரட்டுவது உண்டு அல்லவா? ஜப்பானிலும் அப்படியே! கடுமையாகக் கண்டிப்பதற்கு "மொகுசா வைப்பது" என்றே அங்கே சொல்வார்கள். மருந்தாக வந்தது, தண்டனைக்கும் பெயராகி விட்டது.

பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த அதே டச்சுக் கம்பெனிதான். அதன் கிழக்கிந்தியத் தலைமை இடம் ஜாவா தீவில் பட்டேவியா நகரம். இன்றைய ஜகார்த்தா. அங்கே புஷோஃப் என்ற பாதிரியார் இருந்தார். அவருக்குக் கால் வீக்க வாதம். ஐரோப்பிய மருந்துகளால் குணம் தெரியவில்லை. ஓர் ஆசியப் பெண் வைத்தியர் மூலிகைச் சூடு வைத்தார். வலி குறைந்தது. உடனே பாதிரியார் ஒரு புத்தகமே எழுதி விட்டார்! 1676ல் அது ஆங்கிலத்தில் லண்டனில் வெளிவந்தது. "மொகுசா" என்ற சொல் ஐரோப்பியர் வாயில் "மாக்சா" ஆயிற்று.

சீனாவிலேயே இந்த வைத்தியத்துக்குத் தாழ்வும் வந்தது. 1822ல் அந்நாட்டுச் சக்கரவர்த்தி, அரண்மனை வைத்தியக் கழகத்தில் ஊசியும் சூடும் கூடாது என்று தடை போட்டார். இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் உயிர் பெற்றது. 2010ல் யுனெஸ்கோ நிறுவனம் ஊசி - சூடு வைத்தியத்தை உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பண்பாட்டுச் செல்வம் என்றுதான் சேர்த்தது. எல்லா நோயும் குணமாகும் என்று சான்று கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில்

நம் சித்த வைத்தியத்தில் 32 வகைப் புற மருத்துவம் உண்டு. கட்டு, பற்று, ஒற்றடம், வேது, தொக்கணம் என்று அந்தப் பட்டியல் போகிறது. அதில் ஒன்று "சுட்டிகை". சூடு போடுவதுதான் அது. மஞ்சள் கிழங்கைக் கொளுத்திச் சூடு வைப்பது கிராமங்களில் இருந்த வழக்கம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டு வைத்தியர்கள் அறுத்தார்கள், சுட்டார்கள் என்பதற்குச் சாட்சி உண்டு. குலசேகர ஆழ்வார் தமது பெருமாள் திருமொழியில், வைத்தியர் கத்தியால் அறுத்துச் சுட்டாலும் அவரிடம் அன்பு குறையாத நோயாளியை உவமையாகக் காட்டுகிறார். எல்லோருக்கும் தெரிந்த செய்திதானே உவமையாக வரும்?

வடமொழி நூலான சுசுருதத்திலும் சூட்டு முறை இருக்கிறது. ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்து 1013ல் மறைந்த அரபு மருத்துவர் அபுல் காசிம் அல் சஹ்ராவி, சூட்டுக்கோல்களைப் படம் போட்டே எழுதி வைத்தார். யுனானி வைத்தியத்திலும் அந்த முறை வந்து சேர்ந்தது.

ஆக, சூடு உலகம் முழுவதும் இருந்தது. அந்தக் காலத்தில் ரத்தத்தை நிறுத்த வழிகள் குறைவு. சீழைத் தடுக்க மருந்து இல்லை. நெருப்புத்தான் துணை. இன்றும் ஆபரேஷன் செய்யும் டாக்டர் ரத்தக் குழாயை மின்சாரச் சூட்டால் அடைக்கிறார். ஆனால் மயக்க மருந்து கொடுத்து, ரத்தம் வரும் இடத்தை மட்டும், சுத்தமான கருவியால் தொடுகிறார். கண்ட இடத்தில் கம்பியை இழுப்பதில்லை.

இரண்டு செடிகள், இரண்டு பாதைகள்

சீனாவில் நான்காம் நூற்றாண்டில் ஒரு தம்பதி இருந்தார்கள். கணவர் கோ ஹூங். மனைவி பாவ் கூ. இருவருமே வைத்தியர்கள். பாவ் கூ அம்மையார் மூலிகைச் சூடு வைப்பதில் பெயர் பெற்றவர். கணவர், அவசர வைத்தியத்துக்கு ஒரு கைநூல் எழுதினார். முறைக் காய்ச்சலுக்கு ஒரு செடியை நீரில் ஊற வைத்துச் சாறு பிழிந்து குடிக்கும்படி அதில் சொன்னார். அந்தச் செடியும் மரிக்கொழுந்து இனம்தான்.

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் கழிந்தன. தூ யூயூ என்ற சீனப் பெண் விஞ்ஞானி மலேரியாவுக்கு மருந்து தேடினார். பழைய நூல்களைப் புரட்டினார். கோ ஹூங் எழுதியதைப் படித்தார். "ஊற வைத்துப் பிழி என்கிறாரே, காய்ச்சச் சொல்லவில்லையே" என்று யோசித்தார். சூடு பட்டால் மருந்துச் சத்து கெடுகிறது என்று புரிந்தது. குறைந்த வெப்பத்தில் சத்தைப் பிரித்தார். எலியில் சோதித்தார். குரங்கில் சோதித்தார். தாமே குடித்துப் பார்த்தார். பிறகுதான் நோயாளிக்குக் கொடுத்தார். அந்த மருந்துதான் ஆர்ட்டிமிசினின். 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவில் இருந்து லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன.

பாட்டன் சொன்னதை அவர் தள்ளவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. சோதித்தார். எடுத்துக்கொண்டார்.

மூலிகைச் சூட்டையும் அப்படிச் சோதித்திருக்கிறார்களா? சோதித்திருக்கிறார்கள். வயிற்றில் குழந்தை தலை கீழாகத் திரும்பாமல் இருந்தால், தாயின் கால் சுண்டுவிரல் ஓரத்தில் மூலிகைச் சூடு காட்டுவது சீன வழக்கம். 1998ல் வெளியான ஒரு சோதனையில் 260 கர்ப்பிணிகள் கலந்துகொண்டார்கள். சூடு காட்டிய 130 பேரில் 98 பேருக்குக் குழந்தை சரியாகத் திரும்பிப் பிறந்தது. காட்டாத 130 பேரில் 81 பேருக்கு. நல்ல வித்தியாசம்தான். ஆனால் ஜெனீவாவில் 212 பேரிடம் செய்து 2009ல் வெளியான சோதனையில் நன்மை தெரியவில்லை. ஆகவே டாக்டர்கள் அவசரப்பட்டு முடிவு சொல்வதில்லை.

இதையும் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனைகளில் காட்டியது வெதுவெதுப்புத்தான். தோலைக் கருக்கவில்லை. சீனாவிலும் ஜப்பானிலும் தழும்பு விழச் சுடும் முறை இருந்தது உண்டு. இன்று பெரும்பாலும் இதமான சூடுதான். தவிட்டு ஒற்றடம், உப்பு ஒற்றடம் கொடுக்கும் நம் பாட்டிக்கு அது நன்றாகவே விளங்கும்.

பத்திரிகையாளர் வயிற்றில் சூடு

1971ல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பீக்கிங் போனார். அங்கே அவருக்குக் குடல்வால் நோய். ஆபரேஷன் நடந்தது. பிறகு வயிற்றில் வாயு கட்டி வேதனைப்பட்டார். சீன வைத்தியர் ஊசி குத்தி, மூலிகைத் துண்டைக் கொளுத்தி வயிற்றருகே காட்டினார். வேதனை தணிந்தது. ரெஸ்டன் தம் பத்திரிகையில் எழுதினார். ஊசி வைத்தியம் அமெரிக்காவில் பிரபலம் ஆயிற்று.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை மறந்து விடுகிறார்கள். அவருடைய குடல்வாலைச் சூடு போட்டுக் குணப்படுத்தவில்லை. கத்தியால் அறுத்து எடுத்தார்கள்! மூலிகைச் சூடு பிறகு வந்த துணை. சீனாக்காரருக்கே எது எதற்கு என்று தெரிந்திருந்தது.

நம் நாட்டுக்கு இந்த வைத்தியத்தைக் கொண்டுவந்தவரும் ஒரு டாக்டர்தான். 1938ல் போரில் காயம்பட்ட சீனர்களுக்கு உதவ இந்தியாவில் இருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். டாக்டர் கோட்னிஸ் அங்கேயே உயிர் துறந்தார். உடன் போன டாக்டர் பி. கே. பாசு பிற்காலத்தில் ஊசி வைத்தியத்தைக் கற்று வந்து, 1959 முதல் கல்கத்தாவில் செய்தார். முதலில் டாக்டர், பிறகு ஊசி. அந்த வரிசை முக்கியம்.

ஏன் நம்புகிறார்கள்?

"எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குச் சூடு போட்டார்கள். குணமாயிற்றே!" என்று கேட்பவர்கள் உண்டு.

குணமானது உண்மையாக இருக்கலாம். சூட்டால் குணமாயிற்றா என்பதே கேள்வி.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் பூத்துத்தான் போகும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே மறையும். பெரியவர்களுக்குக் கெட்ட தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலையும் பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கும். காய்ச்சலில் வரும் இழுப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நிற்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! புகழ் சூட்டுக்குப் போய்ச் சேருகிறது. தானே இறங்காத நோயில் குழந்தை இறந்தாலோ, "விதி" என்று சொல்லி விடுகிறார்கள். புகழ் சூட்டுக்கு, பழி விதிக்கு! இது என்ன நியாயம்?

வேலூர் கற்றுக்கொடுத்த பாடம்

வாணியம்பாடிக்கு அருகில் உள்ள வேலூர், வலியைப் பற்றி உலகத்துக்கே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் பால் பிராண்ட் வந்தார். தொழுநோயாளிகளின் கை விரல்கள் ஏன் குறைகின்றன என்று ஆராய்ந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். நரம்பு மரத்துப் போவதால் சுட்டாலும் தெரிவதில்லை, வெட்டினாலும் தெரிவதில்லை. காயத்தின் மேல் காயம் பட்டே விரல்கள் குறைகின்றன. வலி என்பது உடம்புக்குக் காவல்காரன் என்று அவர் எடுத்துச் சொன்னார்.

இந்தப் பாடம் இன்று சர்க்கரை வியாதிக்காரருக்கு மிகவும் தேவை. பல ஆண்டுகள் சர்க்கரை இருந்தால் கால் மரத்துப் போகும். அந்தக் காலில் மூலிகைச் சூடோ, வெந்நீர் ஒற்றடமோ பட்டால் வெந்து போவதுகூடத் தெரியாது. புண் ஆகும். புரையோடும். காலையே எடுக்கும்படி ஆகலாம். நாள் முழுவதும் ஈரத்தில் நின்று வேலை செய்யும் தோல் தொழிலாளிக்கு மூட்டு வலி, இடுப்பு வலி வருவது இயற்கை. ஒற்றடம் இதம் தரும். ஆனால் சர்க்கரை உண்டா, காலில் உணர்ச்சி உண்டா என்று டாக்டரிடம் பார்த்த பிறகே சூட்டைக் கிட்டே கொண்டுவர வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

குழந்தைக்கு இழுப்பு வந்தால் பதற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். கையில் சாவிக் கொத்து கொடுப்பதால் பயன் இல்லை. ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் உடனே 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். நின்று விட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிறந்த ஒரு நாளுக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் ஏறினாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் தாமதம் கூடாது. ஆஸ்பத்திரியில் நீல விளக்கு வெளிச்சத்தில் குழந்தையை வைப்பார்கள். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் இறங்கும். தோலில் ஒரு கீறல்கூட விழாது.

மூச்சு வேகமாக வாங்கினால், விலா எலும்பு உள்ளே இழுத்தால், அது நிமோனியாவாக இருக்கலாம். அதற்கு வேண்டியது மருந்து. நெருப்பு அல்ல.

சட்டமும் சும்மா இல்லை. தீயாலோ சூடான பொருளாலோ ஒருவரை வேண்டுமென்றே காயப்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா 118வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆனால் போலீசுக்குப் பயந்து அல்ல, பிள்ளையின் மீது உள்ள பாசத்தால் இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

பழைய வைத்தியம் எல்லாம் பொய் என்று சொல்வது அவசரம். எல்லாம் மெய் என்று சொல்வது ஆபத்து. மரிக்கொழுந்து இனத்துச் செடி ஒன்று மலேரியாவை வென்றது. சோதித்ததால் வென்றது. இதமான ஒற்றடம் இன்றும் நல்லது. பெரியவர் ஒருவர் அறிந்து, விரும்பி, டாக்டரைக் கேட்டு மூலிகைச் சூடு காட்டிக்கொண்டால் அது அவர் விருப்பம். ஆனால் பேசத் தெரியாத குழந்தை "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அழ மட்டுமே முடியும்.

"நல்ல மாட்டுக்கு ஒரு சூடு" என்பது பழமொழி. பிள்ளைக்கு அந்த ஒன்றும் வேண்டாம். குழந்தையின் அழுகையைக் கேட்டவுடன் அடுப்பை நோக்கிப் போகாதீர்கள். ஆஸ்பத்திரியை நோக்கிப் போங்கள்!